அப்பா கொண்டுவந்த கட்டுச்சோறு

மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்குள் ஒரு பழியும் வளர ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஸ்கேன் பார்த்து, எல்லாம் நார்மல் என்றார். அது ஸ்கேனில் தெரிகிற சமாச்சாரம் இல்லை.

எங்கள் கொங்குப் பக்கம் வளைகாப்போடு கட்டுச்சோறு விருந்து என்று ஒன்று வைப்பார்கள். பெண்ணின் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு செய்து, போசி என்கிற பாத்திரங்களில் நிரப்பி, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் வந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவார்கள். எனக்குத் தாய்வீடு இருந்தது, தாய்தான் இல்லை. என் பத்தாவது வயதில் அம்மா இறந்ததிலிருந்து தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டு அடுப்பு அப்பாவுடையது. தென்னந்தோப்பில் வேலை முடித்து வந்து, மண்வெட்டியை வைத்த கையோடு அரிவாள்மனை எடுப்பார். நான் பி.எஸ்ஸி. முடிக்கும்வரை கல்லூரிக்குக் கொண்டுபோன டப்பாவில் இருந்தது அவர் சமையல்தான். தோழிகள் என் டப்பாவைத்தான் முதலில் திறப்பார்கள்.

கட்டுச்சோற்றுக்குச் சமையல்காரர் வைக்கலாம் என்று அம்மாவின் தங்கை, என் சித்தி, சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எம்புள்ளைக்கு நாஞ் செய்யறேன்" என்று ஒரே பிடி. தக்காளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நான்கு வகை செய்தார். ஐந்தாவதாக அரிசியும் பருப்பும் செய்து நெய்யை ஊற்றிக் கொண்டுவந்தார். அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைக்கிற அந்தச் சோறு எங்கள் வீடுகளில் வேறெதுவும் செய்ய நேரமில்லாத நாளில் செய்வது. அதை விருந்துக்குக் கொண்டுவருகிறவர் உலகத்தில் எங்கப்பா ஒருவராகத்தான் இருப்பார். எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் கிடையாது.

கோயமுத்தூரில் என் மாமியார் வீட்டில் ஐந்து போசிகளும் இறங்கின. சித்தி பெருமை தாளாமல், "அத்தனையும் எங்க மாமா ஒத்தையாளா செஞ்சதுங்க" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றது என் நங்கை, அதாவது என் கணவரின் அக்கா.

சிறிது நேரம் கழித்து நான் பின்கட்டுக்குப் போனேன். ஏழு மாத வயிறு, அரைமணிக்கு ஒருதரம் பாத்ரூம் போகவேண்டும். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நங்கை தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொண்டாட்டி இல்லாத ஆம்பள கைச்சோறு நல்ல காரியத்துக்கு ஆகுமுங்களாம்மா? நாம வெச்ச சமையல்காரரும் தக்காளி, எலுமிச்சன்னு செஞ்சிருக்கறாருங்க, அதையே எலைல போட்டுக்கலாம். ஆருக்குத் தெரியப்போவுது?"

"சம்மந்தி மனசு சங்கடப்படுமே கண்ணு."

"அவரு முன்னால உக்காந்து பேசிட்டிருக்கறாருங்க. எல்லாச் சோறும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்."

திரும்பி வரும்போது கிணற்றடியில் பார்த்தேன். பெரிய தாம்பாளத்தில் ஐந்து வகையும் பக்கம்பக்கமாகக் கொட்டியிருந்தது. வீட்டு நாய் இரண்டும் தெருநாய் ஒன்றும் தின்றுகொண்டிருந்தன. அரிசியும் பருப்பையும்தான் அவையும் முதலில் முடித்திருந்தன.

நான் சத்தம் போட்டிருக்கலாம். அப்பா வெள்ளை வேட்டியில் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் இலை இலையாக விழுகிற மஞ்சள் சோற்றையும் சிவப்புச் சோற்றையும் தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்க முடியவில்லை. கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தபோது வெறும் சோறும் ரசமும்தான் மிச்சம். "நம்முளுது தீந்தே போச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார். கழுவின போசிகளைத் திருப்பித் தரும்போது, வெறும் பாத்திரம் தரக்கூடாது என்று நங்கை ஒவ்வொன்றிலும் ஒரு வெல்லக்கட்டி போட்டுக் கொடுத்தாள். அந்தச் சாஸ்திரத்தில் மட்டும் குறை வைக்கவில்லை.

காரில் அப்பா கேட்டார். "சோறு எல்லாத்துக்கும் பத்துச்சா கண்ணு?"

"ஒரு பருக்கை மிச்சமில்லீங்கப்பா. ரெண்டு ரெண்டு தடவ வாங்குனாங்க" என்றேன். அதைச் சொல்லும்போதே நங்கையை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

நங்கைக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. என் வயிற்றைப் பார்த்து அவளுக்கு என்னென்னவோ இருந்திருக்கும் என்று என் கணவர் பிறகு ஒருமுறை சொன்னார். இருந்திருக்கட்டும். அதற்கு எங்கப்பா சோறு என்ன செய்தது?

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து தொண்டாமுத்தூர் வீட்டுக்கு வந்தேன். குழந்தையையும் என்னையும் குளிப்பாட்டப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தி வருவாள். மற்றதெல்லாம் அப்பாதான். மளிகைக் கடையில் பிரசவச் செலவு என்று கேட்டால் மிளகு, சீரகம், திப்பிலி, சித்தரத்தை எல்லாம் கலந்து பொட்டலம் கட்டித் தருவார்கள். அதை வறுத்து இடித்து, பூண்டு போட்டுத் தினமும் செலவு ரசம் வைப்பார். யானை புகுந்து வாழையை மிதித்துப்போட்ட நாளில்கூட ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் தோட்டத்தைப் பார்க்கப் போனார். குழந்தையின் துணிகளை அலசிக் கொடியில் வரிசையாகப் போடுவார். பால் குடிக்கிற நேரத்தில் மட்டும் உள்ளே வராமல் வாசலில் நின்று, "ரசம் குடிச்சியா சாமி?" என்று குரல் கொடுப்பார்.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. காப்பியைக் கையில் கொடுத்தவுடன் ஆரம்பித்துவிடுவார்.

"கட்டுச்சோத்துக்கு அஞ்சு வகை செஞ்சனுங்க. சம்மந்தி ஊட்ல போசிய வழிச்சுத் தின்னுபோட்டாங்க. எனக்கே ஒரு வாய் இல்லீங்க!"

பால்காரர் கேட்டார், உரக்கடைக்காரர் கேட்டார், தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவும் கேட்டார். உள்ளே மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நான் பல்லைக் கடிப்பேன். ஆத்திரப்பட்டால் பால் வற்றிப்போகும் என்று குளிப்பாட்டுகிற அக்கா பயமுறுத்தினாள். எனக்கு வற்றவில்லை. அந்த வெல்லத்தையும் அப்பா வீணாக்காமல் எனக்கு லேகியம் கிண்டிவிட்டார். நங்கை கொடுத்த வெல்லம் என்று தெரிந்தே விழுங்கினேன். விழுங்கும்போதெல்லாம் அவள் முகத்தில் எப்படிக் கரி பூசுவது என்று யோசித்தேன். தாலாட்டத் தெரியாத எனக்கு அந்த யோசனைதான் தாலாட்டாக இருந்தது.

இரண்டு வருடம் காத்திருந்தேன். நங்கைக்கு நாள் தள்ளிப்போனது. வீடே கொண்டாடியது, நானும்தான் சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷத்தின் காரணம் வேறு.

ஏழாம் மாதம் மேட்டுப்பாளையத்தில் அவள் மாமியார் வீட்டில் விருந்து. அவளுக்குத் தாய்வீடு என்பது எங்கள் வீடு. என் மாமியார் மூட்டு ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தார். ஆகக் கட்டுச்சோறு கொண்டுபோகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் கணவர் சமையல்காரரைச் சொல்லிவிடலாம் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நங்கைக்கு உங்க கைச்சோறுதான் வேணுமாமுங்கப்பா."

"அந்த அம்மணியா கேட்டுச்சு?" என்றார்.

"ஆமாங்க."

முதல்நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். தோப்புத் தேங்காய் பத்தை சாக்கில் கட்டித் தூக்கிவந்திருந்தார். விடியக்காலம் குளித்துவிட்டு என் அடுப்படியில் அதே ஐந்து வகை செய்தார். சமைத்தது யார் என்று என் கணவர் யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன். அப்பாவை விருந்து வீட்டின் முன்ஹாலில், ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, "நீங்க எந்திரிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நங்கை இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலோடு முதல் இலையில் உட்கார்ந்திருந்தாள். அரிசியும் பருப்பும் இரண்டு தடவை வாங்கினாள். அவள் மாமியார் மூன்று தடவை. நான் எதிரில் நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். அவ்வளவு ருசியாக அதற்குமுன் எதையும் நான் சாப்பிட்டதில்லை, ஒரு பருக்கை வாயில் வைக்காமலே.

அவள் மாமியார்தான் வாயைக் கொடுத்தார். "ஏனுங் அம்மணி, சமையல்காரரு ஆருங்க? நம்பர் குடுங்க."

"சமையல்காரரெல்லாம் இல்லீங்க. எங்கப்பா செஞ்சதுங்க."

நங்கையின் கை இலையிலேயே நின்றது. இரண்டு வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"நல்லாருக்குதுங்களா நங்கை? எங்கட்டுச்சோத்துக்கும் இதே கைதானுங்க செஞ்சது. பொண்டாட்டி இல்லாத ஆம்பள கைச்சோறு ஆகாதுன்னு அத நாய்க்குக் கொட்டிப்போட்டீங்க. இன்னைக்கு ரெண்டு தடவ வாங்கித் தின்னுருக்கறீங்க."

நங்கை வளையல் சத்தத்தோடு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். முகம் செத்துப்போயிருந்தது. அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பாவம் என்று தோன்றவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. இதை மறைத்து எழுதி நல்லவளாக எனக்கு ஆசையில்லை.

பிறகுதான் எல்லோரும் எனக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்தேன். பரிமாற ஆள் பற்றவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயிர்ச்சோற்று வாளியோடு அப்பா நின்றிருந்தார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். ஒரு இலையும் தவறவில்லை. நங்கையின் இலை வந்ததும் நின்றார்.

"தயிர்ச்சோறு கொஞ்சம் போடட்டுங்களா அம்மணி? வேண்டாம்னா சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

நங்கை சரி என்று தலையை ஆட்டினாள். பாதிக் கரண்டி போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நங்கை தன் தம்பியோடு முன்காரில் போய்விட்டாள், அப்பாவும் நானும் பின்காரில் காரமடை தாண்டினோம். காலி போசிகள் பின்னால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒரு பருக்கை மிச்சமில்லைன்னு சொன்னியே கண்ணு?"

நான் திரும்பி, இடித்துக்கொண்ட போசிகளைத் தள்ளி வைத்தேன்.

"ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சுபோட்டேன்" என்றார்.

நங்கைக்குப் பையன் பிறந்தான், தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள், எதுவும் இறங்கவில்லை, உங்கப்பா வைக்கிற செலவு ரசம் கிடைக்குமா என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள். கண்ணில் நீர் நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் தொண்டாமுத்தூருக்குப் போனேன்.

நங்கை கேட்டதைச் சொன்னதும் அப்பா எழுந்து போய்ப் பிரசவச் செலவுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். கடையில் கட்டின நூல்கூடப் பிரிக்கவில்லை. மிளகும் திப்பிலியும் முழுசு முழுசாகக் கையில் தட்டுப்பட்டன. எனக்கு அவர் ஒருநாளும் இடிக்காமல் கொடுத்ததில்லை.

"நீங்களே வந்து வெச்சுக் குடுங்கப்பா. நங்கைதான் கேக்கறாங்க. இந்தத் தடவ நெசமாவே கேட்டாங்க."

"இடிச்சு நீயே வெச்சுக் குடு கண்ணு" என்றார். "என் கை வேண்டாம்."