நடுவீட்டு ராஜா

மருமகள் நேற்று யூடியூப் பார்த்து பார்லி கஞ்சி வைத்தாள். உடம்பு இளைக்குமாம். அந்த வாடை அடுப்படியைத் தாண்டி வந்ததுமே நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். இந்த வயதில் கஞ்சிக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள்.

அந்த வாடை என்றால் அப்பாவின் காய்ச்சல்தான். அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா கோட்டையூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தெருக்கோடி வரைக்கும் விசில் கேட்கும். அப்படிப்பட்ட மனுஷர் டைபாய்டில் விழுந்து, தண்ணீர் கேட்கக்கூடக் குரல் இல்லாமல் கிடந்தார். பார்லி கஞ்சியும் உள்ளே தங்கவில்லை. டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி உங்க ஆண்டவர்தான் பாக்கணும்" என்றார்.

அம்மா மாதா கோயிலுக்கு ஓடினாள். திருஇருதய ஆண்டவர் படத்தை வீட்டில் ஸ்தாபிப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் உண்டு: இயேசுவை வீட்டுக்கு ராஜாவாக அமர்த்தி, வீட்டார் எல்லாரும் தங்களை அவர் கையில் ஒப்புக்கொடுக்க வேண்டும். அம்மா படத்தை மூலையில் வைக்கப் போனாள். வீட்டுக்கார ஆச்சி தேக்கு முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ராஜாங்கிறீக, அவுகள அங்குட்டு ஓரமாவா வைப்பாக? நடுவீட்டுல வைங்க."

எனக்கோ ராஜா என்றாலே பயம். நான் பார்த்ததெல்லாம் திருவிழா நாடகத்து ராஜாக்கள்தான். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். கோயிலிலிருந்து வந்த பங்குச் சாமியார் ஜெபத்தைச் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். எங்களுக்குள்ள யாவற்றையும் உமக்குக் கையளிக்கிறோம் என்று வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. யாவற்றிலும் அப்பாவும் உண்டே! அம்மா தொடையில் கிள்ளினாள்.

"அப்பாவக் குடுக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

சாமியார் நிறுத்தினார். கட்டிலிலிருந்து அப்பா கையை நீட்டினார். கை கொதித்தது. "எனக்கும் பயமாத்தேன் இருக்கு தாயி. கையப் பிடிச்சுக்க, நான் சொல்லிர்றேன்" என்று காற்றுக் குரலில் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லி முடியும்வரை என் கையை விடவில்லை.

அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

பிறகு அந்த முக்காலியை விட்டு விலகிச் சுவரோரமாகவே போவேன். அடுத்து யாரைக் கேட்பாரோ? அம்மா கொல்லைக்குப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போவேன். அவளோ ஒரு நாள் தவறாமல் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"குடுத்ததத் திருப்பிக் கேளும்மா!"

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெனமும் அதத்தேன்டி கேக்குறேன்" என்றாள்.

அந்த வீட்டை இடித்துத் தூண்களையும் விற்றுவிட்டார்கள். அம்மாவும் போய்ப் பல வருஷமாயிற்று. படம் என்னிடம்தான் இருக்கிறது. நானும் காலையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒப்புக்கொடுக்கிறேன், பயந்துகொண்டேதான். ஆனால் அம்மாவைப் போல என் அப்பாவைத் திருப்பிக் கேட்க இன்றைக்கு இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. எனக்கு இன்னும் அப்படிக் கேட்கிற தைரியம் வரவில்லை.