மூன்று வரி வேடம்

லெஸ்லி தோர்ப் வசனம் பாடம் பண்ணும்போது ஷூவுக்கு பாலிஷ் போடுவார். கைக்கு வேலை இருந்தால்தான் வாய்க்கு வார்த்தை வரும் என்பார். அன்றும் என் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, இடது கையில் ஷூவும் வலது கையில் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே நான், வசனத் தாளுடன்.

இங்கிலாந்தில், ஸ்கார்பரோவில் என் வீட்டு மாடியறையில் பதினோரு வருடம் குடியிருந்தவர். கம்பள ஆலைத் தொழிலாளியின் மகன். பதினேழு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்து, ஐம்பது வருடத்துக்கு மேல் மேடையில் நின்றார். கதாநாயகனாக ஒரு நாளும் இல்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஏழு வருடம் தபால்காரர். மீன் கடை வரிசையில் யாராவது, "எனக்குக் கடுதாசி இருக்கா?" என்று கேட்பார்கள். "உனக்கு யாருய்யா எழுதுவா?" என்பார்.

நான்கு வருடம் முன்பு ஹல் நகர மேடையில் வசனம் மறந்து நின்றுவிட்டார். திரையை இறக்கினார்கள். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. இப்போதுதான் ஒரு மருத்துவமனைத் தொடரில் கிழவன் வேடம் வந்திருந்தது. மனைவி இறந்த செய்தியை டாக்டர் சொன்னதும் மூன்று வரி பேச வேண்டும். மறுநாள் லீட்ஸில் படப்பிடிப்பு. அந்த மூன்று வரி தடுக்காமல் வந்தால் தான் இன்னும் நடிகன், வராவிட்டால் இல்லை. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

முதல் வரியைச் சொல்லி நின்றார். நான் அடுத்ததை எடுத்துக்கொடுத்தேன்.

"மேவிஸ், அது மறதி இல்லம்மா, மௌனம். பொண்டாட்டி செத்துட்டான்னு கேட்டவன் கடகடன்னா பேசுவான்?"

"நிஜமாவே மறந்துட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"நானே கேப்பேன். அதுவரைக்கும் சும்மா இரு. உன் நர்சம்மா புத்தியைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை."

மூன்று முறை சரியாக வந்தது. மௌனத்திலும் பிரஷ் ஓடிக்கொண்டே இருந்தது. நான்காம் முறை, முதல் வரிக்குப் பின் நின்றார். நான் தாளைப் பார்த்தபடி காத்திருந்தேன். இந்த முறைதான் பிரமாதம் என்றுகூட நினைத்தேன். பிரஷ் சத்தம் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. அது தரையில் விழுந்தபோதுதான் நிமிர்ந்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நானே கேட்பேன் என்றவர் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதியவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவள் நான். பக்கவாதத்துக்கு முகம், கை, பேச்சு பார்க்க வேண்டும் என்று புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். எவ்வளவு நேரமாக இப்படி என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். ஒரு நிமிடம் என்றேன். இரண்டாகவும் இருக்கலாம். அதனால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். அப்படிச் சொல்வது வழக்கம். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு லெஸ்லி போய்விட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் படக் கம்பெனி கார் வாசலில் வந்து நின்றது. அவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். காரோட்டி வந்த பெண் கண்ணாடியை இறக்கி, "தோர்ப் சார் கிளம்பிட்டாரா?" என்றாள். இறந்துவிட்டார் என்றேன். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை.

வசனத் தாளை அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே வந்து அவருடைய இன்னொரு ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். அடக்கத்துக்கு வேண்டுமே.