ஒத்தக்கடையில் நின்ற கார்

பிரசவத்துக்காகத் தங்கையை மேலூரிலிருந்து மதுரைக்கு அழைத்து வருகிறேன். ஒத்தக்கடையை நெருங்கும்போது அப்பாவின் பழைய கார் இழுக்காமல் குலுங்கத் தொடங்குகிறது. பின்சீட்டில் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஓரமாக நிறுத்துகிறேன். முன்னால் நிற்கும் லாரியின் டிரைவர் பாய் தானாகவே வந்து பானெட்டைத் திறக்கிறார். ஓடுகிற இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறார். எந்த வயரைக் கழற்றினால் இன்ஜின் மாறவில்லையோ, அந்தப் பிளக்தான் கெட்டது என்கிறார். ரோட்டு இரைச்சலில் இன்ஜின் சத்தம் எங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"பாய், இப்பக் கழட்டுனீங்கள்ல, அதுக்கு மட்டும் குலுக்கல் கூடலை," என்கிறாள் தங்கை உள்ளிருந்தபடியே.

"அப்ப அந்தப் பிளக்குதான் வேலை செய்யலை. நாங்க ரெண்டு பேரும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறோம், தங்கச்சி உக்காந்த இடத்துலயே புடிச்சிருச்சே!"

இன்ஜினை நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் பிளக்கில் கரி அப்பியிருக்கிறது. பாய் உப்புத்தாளால் தேய்த்து மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் குலுக்கல் நின்றுவிடுகிறது.

"பள்ளம் பாத்து மெதுவாப் போங்க தம்பி," என்று அனுப்பிவைக்கிறார்.

கொஞ்ச தூரம் போனதும் தங்கை என் தோளைத் தட்டுகிறாள்.

"அண்ணே, வண்டி அடங்கிருச்சு. இம்புட்டு நேரம் சும்மா இருந்த புள்ளை இப்பத்தான் உதைக்குது."

பதறித் திரும்பிப் பார்க்கிறேன். அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.