அறுபது மடங்குக் கோபம்

கதிர்காமநாதனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்துப் பூட்டுத் தொழிற்சாலையொன்றில் பதினெட்டு வருடம் இயந்திர இரைச்சலுக்குள் நின்றவர், கொஞ்சம் அமைதி தேடித்தான் வேட்டைக்குப் போனார். மாரிகாலம் முழுக்கப் படித்து, முதல் தடவை கோட்டை விட்டு, இரண்டாம் தடவை வேட்டை அனுமதிக்கான பரீட்சையில் தேறினார். அங்கே இருந்த தமிழர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடையில் ஆட்டிறைச்சி இருக்க இந்த மனிதர் ஏன் மானுக்குப் பின்னால் அலைகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

2006 மே மாதம், பிரிங்க்மன் என்ற ஜெர்மன்காரர் தான் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டில் வேட்டையாட ஒரு வருட அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இன்னும் ஈனாத கன்னிமானைச் சுடலாம், தாய்மானைத் தொடக்கூடாது. ஒரு பிழை விட்டாலும் பத்திரம் பறிபோய்விடும். இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்பது கன்னியா தாயா என்று சொல்ல, முக்காலியில் பூட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி வேண்டும். பிரிங்க்மன் வைத்திருந்ததன் விலை கதிர்காமநாதனின் இரண்டு மாதச் சம்பளம்.

அந்த ஊர்த் தமிழர் எதையும் தனியாகப் போய் வாங்குவதில்லை. கார் என்றாலும் ரீவி என்றாலும், சாமான் தெரிவதில் கெட்டிக்காரர் என்று பேரெடுத்த அருட்பிரகாசத்தைக் கூட்டிப் போவார்கள். கதிர்காமநாதனும் கூட்டிப் போனார். அதுதான் பிழை. அருட்பிரகாசம் தொலைநோக்கியையும் ரீவி வாங்குவது போலவே வாங்கினார். பெட்டியில் எந்த எண் பெரிது என்று பார்த்தார்.

"அண்ணை, இது அறுபது மடங்கு. மற்றதெல்லாம் இருபத்தஞ்சு. விலையும் மலிவு. யோசிக்காதேங்கோ."

யோசிக்காமல் வாங்கியாயிற்று. அந்தி வேளையில் காட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால், மான் நின்ற இடத்தில் சேற்றுத் தண்ணீர் போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. அறுபது மடங்கு பெருப்பித்ததில் பரண் பலகையின் சின்ன அசைவும் அறுபது மடங்காகியிருந்தது. கண்ணாடிக்குள் வெளிச்சமோ இல்லவே இல்லை. பக்கத்தில் இருந்த பிரிங்க்மன், "என்ன மான்?" என்று கேட்டார். கதிர்காமநாதன் இன்னும் திருகைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இந்த விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு என் காட்டில் சுடாதே" என்றார் பிரிங்க்மன்.

வீட்டுக்கு வந்த கதிர்காமநாதன் அருட்பிரகாசத்தைத் தொலைபேசியில் பிடித்து ஏசு ஏசென்று ஏசினார். மனைவி புஸ்பவதி தொலைபேசியை வாங்கி வைத்தாள்.

"அவர் கண்ணாடிக்குள்ளாலை பாக்கேல்லை, பெட்டியைத்தான் பாத்தவர். நீங்களும் அதைத்தானே பாத்தனியள்?"

உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த தடவை கடைக்குத் தனியாகப் போனார். வேண்டுமென்றே மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில் போனார். "பறவை பார்க்கவா?" என்று கடைக்காரன் கேட்டான். வேட்டை அனுமதி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அவன் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். பொருளை வெளியே கொண்டுபோக ஏலாது என்றான். அப்படியானால் வாங்கவும் ஏலாது என்று கதிர்காமநாதன் கதவடியிலேயே முக்காலியை விரித்தார். ஒவ்வொன்றாக வைத்து, எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பிடத்து நேர அட்டவணையை வாசித்தார். இருட்டு கூடக்கூட எழுத்துகள் அழிந்தன. கடைசிவரை வாசிக்க முடிந்தது ஒன்றில்தான்: ஒருவர் பாவித்து விற்ற பழைய சாமான், இருபத்தைந்து மடங்கு, வெளிச்சம் வாங்குகிற முன்கண்ணாடி அகலம், கண் வைக்கிற ரப்பர் கிழிந்தது. அதை வாங்கினார்.

மே கடைசியில் மறுபடி பரண். புல்வெளியில் ஒரு மான் முகம் காட்டி நின்றது. பிரிங்க்மன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரால் ஒரு கணம் பார்த்தார்.

"கன்னி. சுடு."

கதிர்காமநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். மான் திரும்பியது. பின்னங்கால்களுக்கு நடுவே மடி கனத்திருந்தது.

"தாய்" என்றார். "உங்கள் தொலைநோக்கியால் பாருங்கள்."

"அது காரில் இருக்கிறது. பாரம். முப்பது வருடமாக நான் வேட்டைக்காரன், நீ சுடாவிட்டால் நான் சுடுகிறேன்."

இரண்டு மாதச் சம்பளம் காருக்குள் பூட்டிக் கிடக்கிறது. கதிர்காமநாதனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பிரிங்க்மன் துவக்கைத் தூக்கவும், இவர் எழுந்து பரண் பலகையில் ஓங்கி உதைத்தார். மான் பறந்தது.

பிரிங்க்மனின் முகம் இரத்தமாய்ச் சிவந்தது. "பத்திரத்தைத் தா."

"தருகிறேன். கால் மணி நேரம் இருங்கள்."

இருவரும் தோளோடு தோள் முட்ட, ஆளையாள் பார்க்காமல் இருந்தார்கள். கால் மணிக்கும் மேலாயிற்று. பிறகு மான் காட்டோரத்தில் தயங்கித் தயங்கி வந்து புல்லுக்குள் தலையை நீட்டியது. புல்லுக்குள் இருந்து இரண்டு குட்டிகள் கால் தடுமாறி எழுந்து மடியை முட்டின.

கதிர்காமநாதன் சட்டைப்பையில் இருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். பிரிங்க்மன் அதை வாங்கவில்லை. துவக்கை இறக்கிவிட்டு, "சனிக்கிழமை ஐந்து மணிக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

மன்னிப்பு என்ற சொல் பிரிங்க்மனின் வாயிலிருந்து வரவில்லை. வீடு வரும்வரை கதிர்காமநாதன் காருக்குள் தனியாகத் தமிழில் ஏசிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை போனபோது பிரிங்க்மன் முன்னமே வந்திருந்தார். அந்தப் பாரமான தொலைநோக்கியைத் தோளில் மாட்டி, மூச்சு வாங்க ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். கதிர்காமநாதன் கீழே நின்று முழுதாக ஏறி முடியும்வரை பார்த்தார். உதவிக்குக் கை கொடுக்கவில்லை.