எழும்பி நின்று கேட்ட கச்சேரி

மகள் வியோலா வாசிக்கிறாள் என்றால் எங்கள் ஆட்கள் வயலின் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, குரலும் தடிப்பு என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் நின்று விளக்கம் கொடுத்தேன். பிறகு அலுத்துப்போய், ஓம் வயலின்தான் என்று விட்டுவிட்டேன். இத்தாலியில், நாங்கள் இருக்கிற பலெர்மோவிலேயே இசைக்கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீடு இரண்டு அறை. அவள் பயிற்சி செய்யத் தொடங்கினால் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டை இடிப்பாள். நானும் பதிலுக்குக் காலால் நிலத்தை இடிப்பேன். அந்தச் சாமானை இடது தோளில் வைத்து வைத்து மகளுக்குக் கழுத்தடி சிவந்துபோகும். அதற்குப் பஞ்சு வைத்து ஒரு துணி தைத்துக் கொடுத்தது நான்தான்.

போன குளிர்காலம் அவள் வீட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கல்லூரியில் அறை கிடைக்கிறது, அங்கேயே பழகிவிட்டு வருகிறேன் என்றாள். கீழ்வீட்டுக்காரிகூட என்னைப் படியில் மறித்து, பிள்ளை படிப்பை விட்டுவிட்டதா என்று விசாரித்தாள். உனக்குக் காது குளிர்ந்ததுதானே, போ என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வாரத்தில் மூன்று நாள் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் நான் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு நிற்கும்போது ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினார். கல்லூரி மாணவர்களின் கச்சேரி. இங்கிலாந்து நாட்டுப்புறத்தைப் பற்றிய இசை. தனி வியோலா என்ற இடத்தில் என் மகளின் பெயர். நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சிஞ்ஞோரா குறைப்பட்டார். சொல்லத்தான் இருந்தேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். அன்றைக்கு ஒரு தலையணை உறையைக் கருக்கியும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மகள் வியோலாப் பெட்டியைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். பிறகு, “அம்மா, இதுக்கு மட்டும் வரவேண்டாம். மற்ற எல்லாத்துக்கும் வாங்கோ,” என்றாள்.

ஏன் என்று கேட்டதற்கு, இப்ப சொல்லேலாது என்றாள். அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது.

“ஓம், சிஞ்ஞோராமாருக்குப் பக்கத்திலை நான் வந்து இருந்தா உனக்குக் குறைச்சல்தானே. கொப்பர் உயிரோடை இருந்தாலும், நகத்துக்கை மண்ணெண்டு அவரையும் வரவேண்டாம் எண்டிருப்பாய்.”

அவளுடைய அப்பா பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் தோட்ட வேலை செய்தவர். விடிய ரயிலேறிப் போய், பொழுதுபட வருவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். மகளுக்கு அந்தக் கைகள் என்றால் உயிர். அது தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அவள் அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வரவேண்டாம் என்றால் தனியாகப் போகாமல் பட்டாளத்தோடு போவது என் குணம். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு நான்தான் முன்னுக்கு நின்று பாட்டெடுக்கிறேன். மன்னாரிலிருந்து வந்த நாளிலிருந்து அதுதான் என் பொறுப்பு. பூசை முடிந்ததும் பாட்டுக்குழுவுக்குச் சொன்னேன். எனக்கு இரண்டாம் குரல் பாடும் அக்கா ஒருவர், முழங்கால் வருத்தக்காரி, எங்கள் ஊர்தான். பிள்ளையின்ரை கச்சேரிக்கு வராமல் விடுவமோ என்று முதல் ஆளாகச் சேர்ந்தார். பதினாறு பேர் திரண்டோம். நான் ஐம்பது ரோல்ஸ் பொரித்துப் பையில் கட்டினேன்.

கச்சேரி நடந்த இடம் ஒரு பழைய கோயில். பூசை நின்று எத்தனையோ வருடமாம், இப்போது மண்டபம். ஆனால் இருந்து பூசை காண்கிற வாங்குகள் அப்படியே இருந்தன, முழந்தாளிடுகிற பலகைகூட இருந்தது. அக்கா வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ஞ்சுபோய்க் கிடக்கு என்று முறையிட்டார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பீடத்துக்கு நேரே குனிந்து சிலுவை போட்டுவிட்டுத்தான் இருந்தார்கள். பின் வாங்குகள் மூன்றை நிரப்பினோம். சிஞ்ஞோரா முன்னுக்கிருந்து திரும்பிப் பார்த்துக் கைகாட்டினார்.

கையில் ஒரு தாள் தந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். இதை எழுதியவர் இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்து, வயலில் வேலை செய்கிறவர்கள் பாடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டவராம். அந்த மெட்டுகளை வைத்துத்தான் இந்த இசை. அதில் ஒன்று பிறகு கோயில் பாட்டுப் புத்தகங்களிலும் ஏறியதாம். அக்காவுக்கு இதைச் சொன்னேன்.

“கூலியாக்களின்ரை பாட்டுக்கோ இவ்வளவு கோட்டும் சூட்டும்?” என்றார் அக்கா.

மகள் கறுப்பு உடுப்போடு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றாள். கண்ணை உயர்த்திப் பின்வரிசையைப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது. பார்த்தாயா, வெட்கப்படுகிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இசை தொடங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய வாத்தியங்கள் பக்கத்து அறையில் யாரோ அலுமாரி நகர்த்துகிறதுபோல முனகின. வயலின்கள் போய்க்கொண்டே இருந்தன, ஓரிடத்திலும் இறங்கவில்லை. புல்லும் மழையும் என்று தாளில் இருந்தது. எங்கள் பக்கம் மழை பெய்தால் இப்படியா பெய்யும்? கண்டறியாத கச்சேரி என்று மனதுக்குள் வைதுகொண்டு ரோல்ஸ் பை நசியாமல் மடியில் தூக்கி வைத்தேன்.

பிறகு எல்லாம் நின்றது. மகள் மட்டும் வாசித்தாள். முதல் அடி கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வந்தது. இரண்டாம் அடியில் அக்கா வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முழங்கால் நொந்தவர், யோசித்து எழும்பவில்லை, பழக்கத்தில் எழும்பினார். அடுத்தடுத்து, என்னைத் தவிர, எங்கள் மூன்று வாங்கும் எழும்பின. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அது பெட்டி தூக்குகிற பாட்டு. எங்கள் ஊரில் செத்தவீட்டுப் பூசை முடிந்து பீடத்தடியில் பெட்டியைத் தூக்கும்போது அதைத்தான் பாடுவோம். பெட்டி கோயில் வாசலைத் தாண்டுமட்டும் ஒருவரும் வாங்கில் இருக்கக்கூடாது. எத்தனை பேருக்கு அந்தப் பாட்டை நான் எடுத்துக் கொடுத்திருப்பேன்! என் மனிசனுக்கு மட்டும் என்னால் முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய ஆகஸ்ட் மாதம், மாரடைப்பு. எங்கள் ஆண்களில் பாதிப்பேர் மொண்டெல்லோக் கடற்கரை உணவகங்களில் லீவு கிடைக்காமல் நின்றார்கள். அக்காதான் பாட்டை எடுத்தார். நான் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பெட்டி போனதைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யாருடைய செத்தவீட்டில் அந்தப் பாட்டைத் தொடங்கினாலும் நான் வெளியே போய் நின்றுவிடுவேன். மகள் ஒவ்வொரு முறையும் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு வருவாள்.

இவ்வளவும் எனக்கு அந்த வாங்கில் இருந்தபடிதான் விளங்கியது. கல்லூரி அறை ஏன், வரவேண்டாம் என்றது ஏன், இப்ப சொல்லேலாது என்றது ஏன். வெட்கப்பட்டது அவளில்லை. இப்போது நான்தான் வெட்கப்பட்டேன், தாங்கமுடியாத வெட்கம். அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கினார். எழும்பினேன். வெளியே போகவில்லை.

முன்னுக்கிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. சிஞ்ஞோரா ஒரு கணம் யோசித்துவிட்டுத் தானும் எழும்பினார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் எழும்பினார்கள், ஏதோ வழக்கமாக்கும் என்று. இதில் ஒரு சிக்கல் வந்தது. பெட்டி வாசலைத் தாண்டினால்தான் எங்களுக்கு இருக்கலாம். இங்கே தாண்டப் பெட்டி இல்லை. ஆகவே மற்ற வாத்தியங்களும் சேர்ந்து முழங்கி அடங்கும்வரை, கால்மணிநேரம் நின்றோம். மகள் எங்களைப் பார்த்தாள். வில் நிற்கவில்லை.

முடிந்ததும் வெளியே படிக்கட்டில் வைத்து ரோல்ஸைப் பிரித்தேன். எங்கடை பாட்டை வெள்ளைக்காரன் எடுத்துப்போட்டான் என்று அக்கா கோபித்துக்கொண்டு நின்றார். அவையின்ரை வயல் பாட்டுத்தான் கப்பலேறி எங்கடை கோயிலுக்கு வந்திருக்கு என்றேன். நீ சும்மா இரு, விசர்க்கதை கதையாதை என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மகள் வாத்தியப் பெட்டியை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாய் இருக்கிறதே, அதற்குப் பழக்கமானதுதான் வரும்.

“நல்லாத்தான் வாசிச்சாய். ஆனா சரியான மெதுவாப் போட்டாய். அந்தக் கதியிலை பாடினா, பெட்டி தூக்கிறவை எப்பிடி நடக்கிறது?”

அவள் கோபிக்கவில்லை.

“அப்பிடித்தான் நடந்தனாங்கள் அம்மா. அண்டைக்கு அப்பாவைத் தூக்கப் பின்பக்கம் ஒராள் குறைவு. நான்தான் பிடிச்சனான்.”

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ரோல்ஸைக் கடித்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்போது மகளுக்குப் பதினெட்டு வயது. இவளைப் பார்த்துத்தான் நான் நகத்து மண்ணைப் பற்றிச் சொன்னேன்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

“எந்தத் தோளிலை, பிள்ளை?”

அவள் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள்.