ஒழுகிய நம்பர்

புளியையும் அடுப்புச் சாம்பலையும் தேங்காய்ப் பொச்சில் ஒற்றிப் பித்தளையைத் தேய்த்தால் விரலில் ஏறும் அந்தப் புளித்த உலோக வாசனை இரண்டு நாளைக்குப் போகாது. சோறு பிசைந்தாலும் அதுதான் மணக்கும், புத்தகத்தைப் புரட்டினாலும் அதுதான் மணக்கும். சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் அந்த வேலை முழுக்க என்னுடையது. எதையும் வேகமாகச் செய்யவேண்டும், செய்ததை எல்லோரும் பார்த்துப் பாராட்டவேண்டும் என்ற பறப்பு எனக்கு அப்போதே உண்டு. அது இன்னும் போகவில்லை என்று அம்மா சொல்கிறாள்.

அப்பா கண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, நாங்கள் "டேசன் இறக்கம்" என்று சொல்லும் சரிவில், மூங்கில் முக்காலியின்மேல் தட்டை வைத்து அவித்த கடலையும் வறுத்த வேர்க்கடலையான கச்சானும் விற்றுவந்தார். ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும், பதுளை ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதால் அது எல்லோரும் ஆசைப்படும் இடமாக இருந்தது. ஆனால் தெருவில் நின்று விற்பதென்றால் சும்மா இல்லை. அதற்கென்று நகரத்தின் சட்டங்கள் இருந்தன. தெருவோரச் சாக்கடையான கானை மறித்துத் தட்டு வைக்கக்கூடாது, ஆஸ்பத்திரிப் பக்கம் கூவி விற்கக்கூடாது, இப்படிப் பல. அவற்றுக்கெல்லாம் தலையான சட்டம், விற்கிறவன் தன் "நம்பரை" எந்நேரமும் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கவேண்டும் என்பது. நம்பர் என்றால் உள்ளங்கையளவு பித்தளைத் தகடு. அதில் கறுப்புப் பெயின்ட்டில் இலக்கம் எழுதியிருக்கும். அப்பாவுடையது முப்பத்தேழு. நம்பர் இல்லாமல் நிற்கிறவரின் தட்டை முனிசிப்பல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள், இடமும் போய்விடும், போன இடத்துக்கு ஆள் உடனே வந்துவிடும். இந்தக் கதை நடந்த மாதந்தான் அன்னாசி விற்ற ஒரு அக்காவின் கூடை அப்படிப் போனது. மூன்றாம் நாள் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தார்.

பிழைப்புக்கு எது ஆதாரமோ அதைப் பூசையில் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். தராசு, படி, கடலை வறுக்கும் சட்டி, என் பாடப்புத்தகங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த வருஷம், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, "நம்பரும் நம்ம தொழில் சாமான்தானே" என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்பாவின் சட்டையிலிருந்து தகட்டைக் கழற்றினேன், குத்துவிளக்கைத் தேய்த்த அதே பொச்சால் தேய்த்தேன். தகடு தங்கமாக மின்னியது. முகங்கூடத் தெரிந்தது. முகம் தெரிந்த பிறகுதான் இலக்கம் தெரியவில்லை என்பதைக் கவனித்தேன்.

பக்கத்தில் யாருமில்லை. உள்ளங்கை நிறையச் சந்தனத்தைக் குழைத்துத் தகட்டின் நடுவில் அப்பி, அதன்மேல் பெரிய குங்குமப் பொட்டும் வைத்துப் பூசை வரிசையில் சேர்த்துவிட்டேன். மறுநாள் பூசை நடந்தது. அப்பா அதைப் பார்த்து, என் பெயரைச் சொல்லி, "பாக்கியத்துக்குத்தான் இந்தப் புத்தி வரும்" என்று அம்மாவிடம் பெருமைப்பட்டார். அந்தப் பெருமைக்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

விஜயதசமி விடியலில் எல்லோருக்கும் முன்னே எழுந்தேன். சந்தனத்தை வழித்துவிட்டு, பள்ளிக்கூட மையில் விளக்குக் கரியைக் குழைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு முப்பத்தேழு என்று எழுதினேன். மூலையில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு மிஞ்சியது. பழைய எழுத்தைவிட என் எழுத்து அழகாகவே இருந்தது. அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். தகடு பளபளப்பதில் மகிழ்ந்து, அதைக் குத்திக்கொண்டு, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம், எனவே எனக்கு அன்று விடுமுறை இல்லை. போகும் வழியில்தான் மனது கணக்குப் போட ஆரம்பித்தது. நம்பர் இல்லாமல் நிற்பது ஒரு குற்றம். நம்பரைத் தானே எழுதிக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றமில்லையா? அதற்குத் தட்டோடு விடுவார்களா, அப்பாவையே பிடித்துக்கொண்டு போவார்களா?

ஐப்பசி மாதத்துக் கண்டியில் மத்தியானத்துக்குப் பிறகு மழை வராத நாளைக் காண்பது அரிது. கடைசிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹந்தானை மலை கறுத்துவிட்டது. மணி அடித்ததும் ஓடினேன். நான் ஓட, மழையும் கூடவே ஓடிவந்தது.

டேசன் இறக்கத்தில் மூடியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில், தட்டைச் சாக்கால் மூடியபடி அப்பா ஒதுங்கி நின்றார். சீப்பும் கண்ணாடியும் விற்கும் காசிம் நானா அவர் பக்கத்தில். நான் போய்ச் சேரவும் காசிம் நானா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பாவின் நெஞ்சைப் பார்க்கவும் சரியாக இருந்தது.

"முத்தையாண்ணே, என்ன இது? ஒங்கட நம்பர் ஒழுகுதே!"

வெள்ளைச் சட்டையில் கறுப்பும் நீலமுமாக ஒரு கோடு இறங்கி வயிறுவரை வந்திருந்தது. அப்பா குனிந்து பார்த்தார், கையால் துடைத்தார்; அத்தோடு மிச்சமிருந்த முப்பத்தேழும் போய்விட்டது.

"எந்தப் பாவி எழுதினான் இத?" என்றார் அப்பா.

"முனிசிப்பல்ல இப்ப மைக்கும் பஞ்சம் போல" என்று காசிம் நானா சிரித்தார். சிரிப்பு முடியுமுன்னே குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் அதே தாழ்வாரத்துக்குள் ஏறினார். தெரு வியாபாரிகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்! யாழ்ப்பாணத்துக்காரர், உயரமாக, நெற்றியில் திருநீறோடு, சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்னாசி அக்காவின் கூடையை ஏற்றியவரும் அவர்தான். தோளில் விழுந்த துளிகளைத் தட்டிவிட்டு நிமிர்ந்தவரின் கண் நேரே அப்பாவின் நெஞ்சில் போய் நின்றது.

"என்ன காணும் இது? உம்மட நம்பர் எங்கை?"

"இருந்துச்சுங்க ஐயா... காலையில இருந்துச்சுங்க."

"காலமை இருந்தது பின்னேரம் கரைஞ்சு போச்சோ? ஆர் எழுதினது? உண்மையைச் சொல்லும்."

அவருக்கு எதுவுமே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வார்? நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன். "நான்தாங்க எழுதினேன். அப்பாவுக்குத் தெரியாதுங்க. பூசைக்கு வைக்கணும்னு புளி போட்டுத் தேய்ச்சேன், அழிஞ்சிருச்சு. பயத்துல எழுதிட்டேன். தட்ட எடுத்துட்டுப் போகாதீங்க. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துறாதீங்க." எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அப்பா என்னை அடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பூசைக்கோ? நம்பரையோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொழில் சாமானுங்களே" என்றார் அப்பா, மெதுவாக.

இன்ஸ்பெக்டர் கோட்டுக்குள் கைவிட்டு வழக்கு எழுதும் புத்தகத்தை எடுத்தார், பென்சிலை எடுத்தார். காசிம் நானா "யா அல்லா" என்று முணுமுணுத்தார். புத்தகம் திறந்தது. பென்சில் தாளுக்கு மேலே வந்து அங்கேயே நின்றது. அப்போது கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் புத்தகத்தின் அட்டை தெரிந்தது. அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

அவர் வீட்டிலும் நேற்றுப் பூசை. பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமியன்றுதான் எடுப்பது. எடுத்து எழுதும் முதல் எழுத்து நல்லதாக இருக்கவேண்டும். காலையிலிருந்து அந்த மனிதர் அதைத் திறக்கவேயில்லை போலும்! மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அப்பாவின் தகட்டு மூலையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார், தன் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு அதை மூடிவிட்டார்.

"இண்டைக்கு முதல் எழுத்தா வழக்கு எழுதேலாது" என்றார், எங்களிடம் சொல்லாமல் மழையிடம் சொல்வதுபோல.

"அப்ப இன்டைக்கி எங்க எல்லாருக்கும் பெருநாளா ஐயா?" என்றார் காசிம் நானா.

"நீர் சும்மா இரும். உம்மட கண்ணாடிப் பெட்டி கானுக்கு மேலை கிடக்கு, அதை நாளைக்குப் பாக்கிறன்." காசிம் நானா பாய்ந்து பெட்டியை இழுத்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கண்ணைத் துடை. முத்தையா, நாளைக்கு நம்பர் இல்லாமல் நிண்டால் தட்டு வண்டியிலைதான். மழை விட்டதும் ரெண்டு பேரும் என்னோடை கந்தோருக்கு வாருங்கோ."

கந்தோரில், அதாவது முனிசிப்பல் அலுவலகத்தில், ஒரு கிளார்க் பெரிய பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, முப்பத்தேழு முத்தையாதான் என்று உறுதிப்படுத்தினார். பின்கட்டில் பெயின்ட் வேலை செய்யும் தொழிலாளி, பெயின்ட் பாஸ் ஒருவர், ஒரே இழுப்பில் இலக்கத்தை எழுதி, காயும்வரை தொடக்கூடாது என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் தன் புத்தகத்தைத் திறந்தார். புதுப் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே, அப்பாவின் பெயரையும் நம்பரையும் எழுதி, தகடு புதுப்பித்துக் கொடுக்கப்பட்டது என்று எழுதினார். பூசைக்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ஏறிய முதல் எழுத்து அதுதான். வெளியே வந்ததும் அப்பா சுவரோரம் உட்கார்ந்து மூச்சை விட்ட விதத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வீட்டுல சொல்லாத. ஒங்கம்மா இத வச்சே ஒரு வருஷம் ஓட்டிருவா" என்றார். சட்டையைத் துவைக்கப் போட்டபோது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருஷமல்ல, இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷங்கூட ஆகவில்லை. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன், அப்பா இன்னும் அதே சரிவில் நிற்கிறார். யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இருந்தவரை விஜயதசமியன்று டேசன் இறக்கத்தில் யார் பெயரும் வழக்காகப் புத்தகத்தில் ஏறியதில்லை. இப்போது வந்திருப்பவருக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். பெயின்ட் பாஸையும் காணோம், அவருக்கு அங்கே வேலையும் இல்லை. புதிய தகடுகளில் இலக்கத்தை உளியால் குத்தியே கொடுத்துவிடுகிறார்கள். போன விஜயதசமியன்று மத்தியானம் நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது புது இன்ஸ்பெக்டர் வந்தார். கேட்குமுன்பே அப்பா நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். அவர் குனிந்து வாசித்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். ஹந்தானைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அப்பா அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு, குத்திய இலக்கத்தை விரலால் தடவியபடி, தட்டைக்கூட மூடாமல் சொன்னார்:

"இப்ப வரட்டும்."