மச்சானிடமிருந்து எடுத்த நடை

அவர் பெயர் படத்தின் கடைசியில் ஓடும். அதற்குள் ஜனங்கள் எழுந்து போயிருப்பார்கள். அதனால் அவருக்குப் பெயர் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். சினிமாக்காரர்கள் அவரை அரைவட்டம் என்று கூப்பிடுவார்கள், தெருவிலும் அதுதான். ஒருமுறை பல் டாக்டரின் நர்ஸ்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் உள்ளே அழைத்தாள். அவரும் எழுந்து போனார்.

வக்கீல், போலீஸ் அதிகாரி, கதாநாயகனின் அப்பா என்று புத்தி தெளிந்த வேஷம் எதுவும் அவரைத் தேடி வந்ததில்லை. குடையோடு சண்டை பிடிக்கிறவன், நாய்க்கு சல்யூட் அடிக்கும் வாட்ச்மேன், சாவு வீட்டில் தும்மிவிடும் பிணம் என்று மறை கழன்ற ஆசாமிகளாகப் பார்த்து அவருக்கு ஒதுக்குவார்கள். இரண்டு சீன், மிஞ்சிப்போனால் மூன்று. தியேட்டரை விட்டு வருகிறவன் கதாநாயகியை மறந்தாலும் அந்தப் பிணத்தை மறக்கமாட்டான்.

இதையெல்லாம் அவர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிப்பதாக ஊர் நம்புகிறது. அவருக்குக் கற்பனை என்பது குன்றிமணி அளவும் கிடையாது. எல்லாம் சொந்தக்காரர்களிடம் அடித்தது. தும்மல் பெரியப்பாவுடையது. குடைச் சண்டை ஒன்றுவிட்ட தம்பியுடையது. நாய்க்கு மரியாதை செய்தவர் சாட்சாத் அவருடைய மாமனார்.

சொந்தக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விஷயம் புரிந்ததும் உஷாராகிவிட்டார்கள். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இருக்கிற அத்தனை பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார்கள். சித்தி இரண்டு கையையும் தொடைக்கடியில் கொடுத்துக்கொள்வாள். பெரியப்பாவுக்குத் தும்மல் வந்தால் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டு தும்முவார். வந்தவருக்குக் காப்பி கிடைக்கும், சரக்கு கிடைக்காது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம். மச்சான் விஷயம்தான் சிரிப்புக்கு அடங்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், பெரிய பள்ளிக்கூடமொன்றில் ஹெட்மாஸ்டர். அவர் வருகிறார் என்றால் வராந்தாவில் ஈ பறக்காது. அவருக்கு ஒரு நடை உண்டு. வலது காலை நேராக எடுத்துவைக்க மாட்டார். தரையில் அரைவட்டம் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். கூடவே இடது தோள் ஒருமுறை இறங்கி ஏறும். காலில் கோளாறு எதுவும் இல்லை. அவர் அப்படி நடப்பார், அவ்வளவுதான். வீட்டில் யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை. மாப்பிள்ளை மட்டும் பெண் பார்க்கப் போன அன்றைக்கே கவனித்துவிட்டார். பெண்ணை அப்புறம்தான் பார்த்தார்.

கல்யாண மண்டபத்தில் தொலைத்த செருப்பைத் தேடிக்கொண்டு திரியும் ஒரு பெரிய மனுஷன் வேஷம் வந்தபோது அந்த நடையை எடுத்து மாட்டிக்கொண்டார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போன பிள்ளைகள் மொத்தப்பேரும், ஒன்றாம் வகுப்பு உள்பட, வலது காலால் அரைவட்டம் போட்டுக்கொண்டு போனார்கள். மச்சான் யாரையும் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து முதல் மணிக்கு முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போன பிறகுதான் எழுந்திருப்பார். ரிடையராகும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் நடந்து யாரும் பார்க்கவில்லை.

அரைவட்டம் மன்னிப்புக் கேட்கப் போனார். "நடிப்புத்தான மச்சான்" என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. "இனிமே இவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மச்சான் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. மனைவி மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய்வருவாள். திரும்பி வந்தால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டாள். ஒருநாள்கூட அவரோடு சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருக்கும்.

போன வருஷம் மச்சான் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னால் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். பயம். யாருக்கும் பயப்படாத மனுஷன் தரைக்குப் பயந்துவிட்டார். இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் சூம்பிப்போகும், பிறகு தானே நினைத்தாலும் நடக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தார்.

மனைவி அழுதுகொண்டே கிளம்பினாள். அரைவட்டம் அவளை அழைத்துக்கொண்டு போய், மாடிப்படி ஏறி, வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவள் போன அவசரத்தில் கதவைச் சாத்தவில்லை. உள்ளே பிசியோதெரபிப் பெண் கெஞ்சுகிறாள். "எழுந்திருங்களேன்" என்று மச்சானின் மனைவி கெஞ்சுகிறாள். "அண்ணா, எனக்காக" என்று இவள் கெஞ்சுகிறாள். நின்ற இடத்திலிருந்து அரைவட்டத்துக்குத் தெரிந்ததோ மச்சானின் பாதம் மட்டும்தான். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வாய் "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்க, கீழே வலது கால் தரையில் மெதுவாக ஒரு அரைவட்டம் போட்டது. இன்னொன்றும் போட்டது.

கால் தயார், ஆள்தான் இன்னும் தயாராகவில்லை என்று அவருக்கு விளங்கியது.

பிசியோதெரபிப் பெண் சலித்துப்போய் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார், நீங்க அரைவட்டம் சார்தான? அந்த நடை சார்! ஒரே ஒரு தடவை நடந்து காட்டுங்க சார், என் பொண்ணுக்குக் காட்டணும்."

யாருடைய நடை என்று அவளுக்குத் தெரியாது. போனை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, வேண்டாங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி பதறினாள்.

அவர் நடந்தார். கதவுக்கு நேரே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். படத்தில் நடந்ததைவிடக் கேவலமாக நடந்தார். அரைவட்டம் முக்கால் வட்டமாயிற்று. தோள் காதை இடித்தது. வேண்டுமென்றே அப்படி நடந்தாரா என்று பிற்பாடு கேட்டதற்கு, "எந்த நடிகனாவது வேணும்னே தப்பா நடிப்பானா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை திரும்பும்போது உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

மச்சான் எழுந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கத்தில் நிறுத்தியிருந்த வாக்கரைப் பிடித்து முன்னால் தள்ளினார். வலது கால் அரைவட்டம் போட்டு வந்து தரையில் பதிந்தது. மறுபடி வாக்கர், மறுபடி கால். மச்சானின் மனைவி கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கூடம் முழுவதையும் கடந்து வாசல்வரை வந்தார் மச்சான். கன்னத்தில் ஒன்று விழும் என்று அரைவட்டம் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு படாரென்று முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

உள்ளே மனைவி ஓவென்று அழும் சத்தம் கேட்டது. அவரும் வெளியே அழுதார். மனசு நிறைந்துபோயிருந்தது. பிசியோதெரபிப் பெண் போனைக் கீழே இறக்கிவிட்டு, யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"தோள் அப்படி ஏறாதுடா."

"சரிங்க மச்சான்."

"மொதல்ல எறங்கும். எறங்கித்தான் ஏறும். படத்துலயே தப்பாத்தான் பண்ணியிருந்த."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொண்ட மனுஷன் முதல்முறையாகக் கேட்டார்.

"ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா மச்சான்?"

உள்ளே வாக்கர் நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.